வலப்பக்கம் வந்து பேசவும்

பெற்ற பிள்ளையின் குறையைப் பெற்றவளே எழுதிக் கொடுக்கலாமா?

மூன்று வாரமாக யோசிக்கிறேன், விடை தெரியவில்லை. என் மகளுக்கு மூன்றரை வயது. எல்.கே.ஜி. விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் "குழந்தையைப் பற்றி ஆசிரியர் அறிந்திருக்க வேண்டியவை" என்று போட்டு, கீழே மூன்று கோடுகள் விட்டிருக்கிறார்கள். என் மகளுக்கு வலது காது கேட்காது. இடது காதில் பழுதில்லை. "பேச்சு நல்லா வந்துடுச்சுல்ல, வருஷம் ஒரு தடவை கூட்டிட்டு வாங்க, போதும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். மற்ற கட்டங்களையெல்லாம் நிரப்பிவிட்டேன். ரத்த வகையைக்கூட இரண்டு தடவை சரிபார்த்து எழுதினேன். அந்த மூன்று கோடுகள் மட்டும் காலியாக இருக்கின்றன.

அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு லேபிள் அண்ணன் ஞாபகம்தான் வருகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தையே சல்லடை போட்டுச் சலித்தாலும் அவரைப் போல ஒளிவு மறைவு இல்லாத இன்னொரு ஆள் கிடைக்கமாட்டார். கிடைத்தால் பூமி தாங்காது என்பது எங்கள் முதலாளியின் கருத்து.

கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக நான்கு வருஷம் புதுக்கோட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தேன். கீழே ஜவுளிக்கடை, மாடியில் நாங்கள் ஐந்து பேர். மீன் வைக்கிற ஐஸ் ரூமிலும், பால் குளிரூட்டுகிற இடங்களிலும் மாட்டும் ஒரு பெட்டி செய்தோம். உள்ளே குளிர் குறைந்தால் அது உரிமையாளரின் போனுக்கு மெசேஜ் அனுப்பும். பெட்டிக்குள் உள்ளங்கை அளவில் ஒரு போர்டு. அதுவே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். போர்டு வேலை லேபிள் அண்ணனுடையது. அதன் மேல் ஓடுகிற புரோகிராம் என்னுடையது.

நான் சேர்ந்த முதல் நாள் அவர் நாற்காலியின் முதுகில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. "இடது காது கேக்காது. வலப்பக்கம் வந்து பேசவும். கத்த வேண்டாம்." யாரோ கேலிக்கு ஒட்டியிருக்கிறார்கள், பாவம், பார்த்தால் மனம் புண்படுமே என்று நினைத்து, அதை மெதுவாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டேன். மறுநாள் புது அட்டை இருந்தது. அதே கையெழுத்து. நான்காவதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. "கிழிக்க வேண்டாம்."

அந்த ஆபீஸில் அவர் அட்டை ஒட்டாத பொருளே கிடையாது. டீ ஃபிளாஸ்க்கில், "சர்க்கரை உண்டு. மூடி பிடிக்காது. சாய்க்காதே." ஃபேன் சுவிட்சில், "மூன்றில் வைத்தால் ஐந்து போலச் சுற்றும்." பாத்ரூம் கதவில், "உள்ளே தாழ்ப்பாள் இருக்கு. விழாது. பாடவும்." இந்தக் கடைசி அட்டையால் எங்கள் கணக்கர் நல்ல பாடகர் என்பது வெளியே வந்தது. முதலாளி பாடமாட்டார். இருமுவார்.

ஒருநாள் முதலாளியின் கதவிலேயே ஒரு அட்டை. "காலையில் கேட்டால் முடியாது என்பார். சாப்பிட்ட பிறகு கேட்கவும்." ஒரு மணி நேரத்தில் அது கிழிந்தது. ஆனால் அதற்குள் எல்லோரும் படித்துவிட்டோம். அன்றிலிருந்து லீவு லெட்டர்கள் அத்தனையும் மூன்று மணிக்குத்தான் உள்ளே போயின. அத்தனையும் கையெழுத்தாகி வந்தன. ஏன் இப்படி எல்லோரும் மூன்று மணிக்கே வருகிறார்கள் என்று முதலாளிக்குக் கடைசிவரை புரியவில்லை.

இது வெறும் கிறுக்கு என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தேன். போர்டு வேலையில் இறங்கிய பிறகுதான் இந்தக் கிறுக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தது. எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன்.

ஒரு பென்டிரைவைச் சொருகினால் அதுவே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். நான் இன்னார், எனக்குள் இவ்வளவு இடம் இருக்கிறது என்று கம்ப்யூட்டரிடம் சொல்லும். ஆனால் எங்கள் போர்டில் பற்றவைத்திருக்கிற வெப்பமானி அப்படிச் சொல்லாது. நாமாகத் தட்டிப் பார்க்கலாம். ஆனால் ஆள் தெரியாமல் தட்டினால் சில சாமான் கெட்டுப்போகும். அதனால் எந்த இடத்தில் என்ன சாமான் இருக்கிறது, அதன் குணம் என்ன என்று மனிதர் ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். கரண்ட் வந்ததும் கெர்னல் அதைப் படித்துக்கொள்ளும். கெர்னல் என்பது எல்லாச் சாமானையும் அடியில் இருந்து ஆள்கிற புரோகிராம். நான் எழுதுகிற புரோகிராம் அதற்கு மேலே உட்கார்ந்து அதைக் கேட்டுத்தான் எதையும் செய்ய முடியும்.

கெர்னல் அந்தக் குறிப்பைப் படித்து வயிற்றுக்குள் வைத்துக்கொண்டால் போதாது என்பார் லேபிள் அண்ணன்.

"அதுக்குத் தெரிஞ்சது ஒனக்கும் தெரியணும்மா. ஒரு சாமானுக்கு ஒரு ஃபோல்டர், ஒரு குணத்துக்கு ஒரு ஃபைல். கெர்னல் அப்படியே பரப்பி வச்சிருக்கு பாரு. ஒன் புரோகிராம் தொறந்து படிக்கலாம். கைவைக்க மட்டும் முடியாது."

"இதையெல்லாம் என் புரோகிராம் தெரிஞ்சு என்னண்ணே பண்ணப் போகுது?"

"மூணு விதமா போர்டு போடுறோம். எதுல ஏறி உக்காந்திருக்கோம்னு தெரியாம ஓட்டுவியா? இலுப்பூர் பஸ்ஸுன்னு நெனச்சுத் திருச்சி பஸ்ஸுல ஏறின கதையாயிரும்."

சரி என்று படிக்க ஆரம்பித்தேன். எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை குளிரைச் சோதிக்க வேண்டும் என்று ஒரு ஃபைலில் இருந்தது. அவர் எழுதியது ஐந்து. என் புரோகிராம் படித்தது எட்டுக் கோடியே முப்பத்தெட்டு லட்சத்துச் சொச்சம். என் தப்புதான். அந்தக் குறிப்பில் ஒவ்வொரு எண்ணும் நான்கு துண்டாக, எங்கள் போர்டின் வழக்கத்துக்கு நேர் எதிர் வரிசையில் இருக்கும். கெர்னல் வைத்ததை வைத்தபடி காட்டும், திருப்பிப் படிப்பது நம் பொறுப்பு. பயந்துபோய் அவரிடம் ஓடினேன். வலப்பக்கமாகத்தான்.

அவர் பேப்பரில் வகுத்துப் பார்த்தார். "நூத்தி அம்பத்தொம்பது வருஷத்துக்கு ஒரு தடவை சோதிக்கும். பரவால்ல. அதுவரைக்கும் மீன் தாங்குமான்னு மீமிசல் கடற்கரையில கேட்டுச் சொல்றேன்."

இந்த வெளிப்படைத்தன்மையை அவர் பெண் பார்க்கப் போன இடத்திலும் விடவில்லை. அவரே சொன்ன கதைதான். பஜ்ஜி வரும் முன்பே ஆரம்பித்துவிடுவாராம். "எனக்கு இடது காது கேக்காதுங்க. கொறட்டை உண்டு. இலுப்பூரை விட்டு வரமாட்டேன்." ஏழு வீட்டில், "போன்ல சொல்றோம்" என்றார்கள். யாரும் சொல்லவில்லை. எட்டாவது வீட்டில் அந்தப் பெண் எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவருக்கு வலப்பக்கம் போட்டு உட்கார்ந்து, "இப்பச் சொல்லுங்க" என்றாராம். கல்யாணம் அங்கேயே முடிந்துவிட்டது, தாலி கட்டியதெல்லாம் சம்பிரதாயம் என்பார். அந்த அண்ணி ஒருமுறை ஆபீஸுக்கு வந்தபோது என்னிடம் சொன்னார்: "வீட்டுல உப்பு டப்பாவுல 'உப்பு'ன்னு எழுதிட்டு, கீழ 'கூடுதலாப் போடும் கை'ன்னும் எழுதி வச்சிருக்காரும்மா. அது என் கை!"

இப்போது நான் செய்த தப்புக்கு வருகிறேன். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். ஆனால் இதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுதுவது நியாயமில்லை.

எங்கள் பெட்டியில் இரண்டு வெப்பமானி. ஒன்று வயர் வழியாக ஐஸ் ரூமுக்குள் போகும். இன்னொன்று போர்டோடு இருக்கும், முதலாவதற்கு ஒத்தாசைக்கு. அந்த இரண்டாவதற்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. ஈரக்காற்று பட்டால், கடைசியாகச் சொன்ன எண்ணையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். சில உறவினர்களைப் போல. லேபிள் அண்ணன் அதன் ஃபோல்டரில் ஒரு வரி சேர்த்திருந்தார். ஆங்கில எழுத்தில், தமிழில்: "இருக்கு. நம்பாதே."

என் புரோகிராம் அதைப் படிக்கும். முதல் வெப்பமானி பேசாமல் போனால், இரண்டாவதை மட்டும் நம்பிச் சும்மா இருக்காது. உடனே உரிமையாளருக்கு மெசேஜ் போடும். அதோடு, பெட்டிக்குள் இருப்பதையெல்லாம் உரிமையாளரின் போனிலும் ஒரு பக்கத்தில் காட்டும். அதுவும் அண்ணன் ஆசைப்பட்டதுதான்.

அந்தப் பக்கத்தை இலுப்பூரில் பால் வாங்குகிற ஒருவர் படித்துவிட்டார். "என்னப்பா இது, நம்பாதேன்னு நீங்களே போட்டிருக்கீங்க?" என்று பெட்டியைக் கழற்றித் திருப்பி அனுப்பிவிட்டார். முதலாளி கொதித்துப்போனார்.

"ஏப்பா, நம்ம கொறையை நாமளே எழுதி ஊருக்குக் காட்டுறதா? பொண்ணு ஜாதகத்துல தோஷத்தைச் செவப்பு மையில எழுதிக் கொடுக்கிற மாதிரியில்ல இருக்கு!"

"தோஷம்னு எழுதல சார். சுபாவத்தை எழுதியிருக்கேன்."

"ஒன் சுபாவத்தை நாற்காலியோட நிறுத்திக்க."

அண்ணன் பெட்டி மாட்ட மீமிசல் பக்கம் போயிருந்த ஒரு நாள், முதலாளி என்னைக் கூப்பிட்டார். "அந்த வரியை எடுத்துரும்மா." நான் எடுத்தேன். எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. சொன்னதைச் சரியாகச் செய்கிற பெண் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே பெயர் வாங்கியவள். போனில் காட்டுவதை மட்டும் நிறுத்தியிருக்கலாம். அந்த யோசனை அப்போது வரவில்லை. வரியையே, எல்லாப் பெட்டிக்கும் போகிற குறிப்பிலிருந்து தூக்கிவிட்டேன். போனில் தெரியாமல் போனது. என் புரோகிராமுக்கும் தெரியாமல் போனது. அண்ணனிடம் சொல்லவும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து மீமிசலில் இருந்து ஒரு இறால் வியாபாரி அம்மா பஸ் ஏறி வந்தார். கையில் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி. அவர் படியேறும் முன்பே வாசனை ஏறிவிட்டது. கீழே ஜவுளிக்கடையில் சேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பாதிச் சேலையில் எழுந்து போனார்கள். அந்த அம்மா நேராக வந்து வாளியை முதலாளியின் மேசையில் வைத்து மூடியைத் திறந்தார்.

"மோந்து பாருங்க."

"தெரியுதும்மா, இங்கிட்டு இருந்தே தெரியுது."

"ஒங்க பொட்டிக்குத் தெரியலையே! ரெண்டு நாளா மிசினு நின்னு கெடக்கு. ஜில்லுனு இருக்கு, ஜில்லுனு இருக்குன்னே போன்ல காட்டிக்கிட்டு இருக்கு. நானும் அதை நம்பி நாகப்பட்டினத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டேன்."

எலி முதல் வெப்பமானியின் வயரைக் கடித்திருந்தது. இரண்டாவது, உப்புக் காற்றில் ஈரம் ஏறி, கடைசியாகச் சொன்ன குளிரையே சொல்லிக்கொண்டிருந்தது. நம்பாதே என்று சொல்ல ஆளில்லாததால் என் புரோகிராம் நம்பிவிட்டது.

லேபிள் அண்ணன் கம்ப்யூட்டரைத் திறந்து ஃபோல்டரைப் பார்த்தார். "வரி எங்கம்மா?"

"சார் எடுக்கச் சொன்னாங்கண்ணே."

அந்த அம்மா அண்ணனைப் பார்த்துக் கேட்டார். "அப்ப இது இப்படிப் பண்ணும்னு ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்மா."

முதலாளி மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தார். அண்ணன், "சார், அது என் கால்" என்றார்.

அந்த அம்மா கத்தவில்லை. "கொறையுள்ள சாமான வச்சது கூடப் பொறுத்துக்கலாம் தம்பி. எங்கிட்டயும் நொண்டி வண்டி ஒண்ணு இருக்கு. நொண்டின்னு தெரிஞ்சா அதுக்குத் தக்கன ஓட்டுவேன். சொல்லாம விட்டீங்க பாருங்க." இவ்வளவுதான் சொன்னார். வாளியை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். முதலாளி பாத்ரூமுக்குப் போய், வழக்கத்தைவிட நீண்ட நேரம் இருமினார்.

அந்த அம்மாவுக்கு ஈடு செய்துவிட்டார்கள். வரியும் எல்லாப் பெட்டிக்கும் திரும்பி வந்தது. அண்ணன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலை என் கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஓர் அட்டை இருந்தது. "சொன்னால் செய்யும். கேட்டால் சொல்லும். தானாகச் சொல்லாது."

அழுதுவிட்டேன். பிறகு கிழிக்கலாம் என்று கையை வைத்தேன். கிழிக்கவில்லை. நான் அந்த வேலையை விடும்வரை அது அங்கேதான் இருந்தது. பிரசவத்துக்கு லீவு எடுத்துக் கிளம்பும்போது, அதையும் உரித்துப் பையில் போட்டுக்கொண்டேன். இப்போது என் பீரோவின் உள்பக்கக் கதவில் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அண்ணியும் திருவரங்குளம் கோயிலுக்கு வந்தவர்கள், அப்படியே எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். என் மகளின் காதைப் பற்றி நான் அவரிடம் சொன்னதில்லை. தானாகச் சொல்லாது என்று அவர்தான் எழுதியிருக்கிறாரே.

நான் காபி போட உள்ளே போனேன். மகள் அவருக்கு இடப்பக்கம் சோபாவில் ஏறி உட்கார்ந்து, பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி அவள் பிஸ்கட்டைத் தின்ற விவரத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் இலுப்பூர் பஸ்ஸில் வந்த விவரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் இருந்தது அவருடைய கேட்காத பக்கம். அவர் இருந்தது அவளுடைய கேட்காத பக்கம். ஐந்து நிமிஷம் இரண்டு பேரும் மும்முரமாகப் பேசினார்கள். ஆடும் பஸ்ஸும் எங்கேயும் சந்திக்கவில்லை. அண்ணி சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பிறகு என் மகள் இறங்கினாள். அவர் முழங்காலைச் சுற்றிக்கொண்டு போய், வலப்பக்கம் ஏறி உட்கார்ந்தாள்.

"ம். இப்பச் சொல்லு" என்றாள்.

அண்ணி சிரிப்பை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "வலதா?" என்றார். நான் தலையாட்டினேன். விண்ணப்பத்தை எடுத்துக் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தைப் படித்தார்.

"இதுல என்னம்மா யோசனை? 'வலது காது கேட்காது. இடப்பக்கம் வந்து பேசவும்.' ரெண்டு கோடு போதும். மூணாவது கோட்டுல 'கத்த வேண்டாம்'னு போடு."

"அவங்க அப்பா வேண்டாங்கிறாருண்ணே. மஸ்கட்ல இருந்து தினம் போன் பண்ணி அதையேதான் சொல்றாரு. டீச்சர்கிட்ட வாயால சொல்லிக்கலாம், எழுதி வச்சா அழியாதுங்கிறாரு."

"வாயால சொன்னா அந்த டீச்சர் மாறிப் போறவரைக்கும்தான் இருக்கும்."

"கெர்னல்ல படிக்கத்தாண்ணே முடியும், மாத்த முடியாது. ஊரு அப்படியா? படிக்கிறவங்க மாத்திருவாங்க. நாளைக்கே 'அந்தச் செவிட்டுப் புள்ள'ன்னு ஆயிரும். ஒங்களையே பாருங்க. நாற்காலியில நாலு வரி எழுதுனீங்க, நாங்க ஒங்க பேரையே எடுத்துட்டு லேபிள்னு வச்சுட்டோம்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். நாலு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவரை நான் ஒருநாள்கூடப் பேர் சொல்லி அழைத்ததில்லை. இதோ, இந்தக் கட்டுரையிலும் எழுதவில்லை.

அவர் கோபப்படவில்லை. காபியை ஆற்றினார்.

"சின்ன வயசுல எல்லாரும் என்னைப் பேரு சொல்லித்தாம்மா கூப்பிட்டாங்க. இடப்பக்கம் நின்னு கூப்பிடுவாங்க. கேக்காது. திமிரு புடிச்சவன்னு போயிருவாங்க. நீங்க லேபிளுன்னு கூப்பிட்டீங்க. ஆனா வலப்பக்கம் வந்து கூப்பிட்டீங்க. நான் திரும்புனேன்."

அவர்கள் கிளம்பிப் போன பிறகு, பென்சிலால் அந்த இரண்டு கோட்டிலும் எழுதினேன். மூன்றாவதிலும் எழுதினேன். இன்னும் பேனாவால் எழுதவில்லை.

ஏனென்றால் அவர் எப்போதும் எட்டாவது வீட்டைப் பற்றித்தான் பேசுகிறார். என் மனசு அந்த ஏழு வீட்டு வாசலில் நின்றுகொண்டிருக்கிறது. அவருக்கு அப்போது முப்பது வயது. பஜ்ஜியைத் தின்றுவிட்டுச் சிரித்துக்கொண்டே படியிறங்கியிருப்பார். இவளுக்கு மூன்றரை. அதேசமயம் எழுதாமல் விட்டால் அந்த மீமிசல் அம்மாவின் வாளி கண்ணுக்கு முன்னால் வருகிறது. நான் எடுத்துவிட்ட ஒரு வரியும் வருகிறது. வகுப்பில் வலப்பக்கம் நின்று கூப்பிட்டு, திரும்பாத பிள்ளையைத் திமிர் பிடித்தவள் என்று எழுதிவிடுவார்களோ என்றும் இருக்கிறது.

மாதக் கடைசிக்குள் விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டும். இதைப் படிக்கிறவர்களில் பிள்ளையைப் பற்றி இப்படி எழுதிக் கொடுத்தவர்கள் இருப்பீர்கள். எழுதாமல் விட்டவர்களும் இருப்பீர்கள். பிறகு என்ன நடந்தது என்று, நடந்ததை நடந்தபடி எனக்கு எழுதுங்கள். முக்கியமாக ஒன்று: அந்த ஏழு வீட்டைக் கடக்கிறவரைக்கும் பிள்ளையிடம் என்ன சொல்லி அழைத்துப் போனீர்கள்? பெரிய அறிவுரையாக இருக்க வேண்டாம். இரண்டு வரி போதும். என்னிடம் ஏற்கெனவே இருக்கிற அட்டைக்குக் கீழே, பீரோவில் இன்னும் இடம் இருக்கிறது.